செனன் லில்லிஸுக்குப் பத்துப் பிள்ளைகள்

டிம்ப்னா லில்லிஸ் சிப்ஸ் பாக்கெட்டை வாய்ப்பக்கம் பிரிக்க மாட்டார். முதலில் அதைக் குப்புறப் போடுவார். முதுகில் மேலிருந்து கீழாக ஓடும் ஒட்டை இரண்டு கட்டைவிரல் நகங்களாலும் நெம்பித் திறப்பார். பிறகு மேல் ஓரம், பிறகு கீழ் ஓரம். பாக்கெட் ஒரு வெள்ளித் தாம்பாளமாக மேசைமேல் மல்லாந்துவிடும். முழுசாக இருப்பவற்றை எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளுவார். உடைசலும் தூளும் அவருக்கு. முடிந்ததும் தாளை மடித்து மடித்து விரல் அகலத்துக்குக் கொண்டுவந்து, கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் செருகிக்கொள்வார். இத்தனையும் ‘இங்கே சாப்பிடக் கூடாது’ என்ற பலகைக்கு நேர் கீழே நடக்கும்.

அந்தப் பலகையை எழுதி மாட்டியவன் நான். அதைச் சுட்டிக்காட்டும் தைரியம்தான் எனக்கு இல்லை. நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. யாராவது பெயரைக் கேட்டாலே காது சிவந்துவிடும். டிம்ப்னா என் பெயரைக் கேட்டதே இல்லை. மேசைக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த கவிதைப் புத்தகத்தை ஒருநாள் எடுத்துப் புரட்டிப் பார்த்தவர், “எதுகை இல்ல, மோனை இல்ல, பாதிப் பக்கம் காலியா வேற கெடக்கு. அச்சடிக்கிறப்போ மை தீந்துடுச்சா?” என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குக் கவிஞர்.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். கிளேர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கடற்காற்று மரங்களையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும் ஏழெட்டு ஊர்களின் பிள்ளைகளைக் காலையில் அள்ளிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டுவார். நடுவில் இருக்கும் நேரம் முழுக்க எங்களுடையது. ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆண்கள் போடும் மழைக்கோட்டு. இறுக்கி மூடிய ஜாடிகளைத் திறக்கவென்றே செய்ததுபோல் கைகள்.

அந்த வருடம், 1998இல், அவருக்கு ஒரு கல் பிரச்சினை இருந்தது. முந்தின வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அடித்த புயலில் கராக்கீல் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மரம் விழுந்து, லில்லிஸ் குடும்பத்தின் பழைய கல்லறைக் கல் மூன்றாக உடைந்துவிட்டது. ஜூன் கடைசியில் கல்லறை ஞாயிறு. அன்று சாமியார் கல்லறை கல்லறையாகப் போய்த் தீர்த்தம் தெளிப்பார். ஊர் முழுக்க அவரவர் குடும்பக் கல்லுக்குப் பக்கத்தில் நல்ல உடுப்போடு நிற்கும். கல் இல்லாமல் அன்றைக்கு நிற்பது, கால்சட்டை இல்லாமல் நிற்பது போல. அதற்குள் புதுக்கல் நட்டாக வேண்டும். அதில் கொள்ளுத்தாத்தா செனன், கொள்ளுப்பாட்டி பிரிஜெட் பெயர்களோடு, அவர்கள் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் இருக்க வேண்டும் என்பது டிம்ப்னாவின் தீர்மானம். சிகாகோவில் புதைந்தவன், குயின்ஸ்லாந்தில் புதைந்தவள், யாராக இருந்தாலும் பெயராவது வீட்டுக்கு வரட்டும்.

பிள்ளைகள் ஒன்பது பேர் என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தேதிகளைச் சரிபார்க்கத்தான் டிம்ப்னா எங்களிடம் வந்தார். மைக்ரோஃபிலிம் கருவியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி 1911ஆம் வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன் வீட்டைக் கண்டுபிடித்தார். அந்த வருடப் படிவத்தில், மணமான பெண்களுக்கு மட்டும் ஒரு கேள்வி உண்டு. உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை.

“கவிஞரே, இங்க வா. இது என்ன நம்பர்?”

“பத்து.”

“பக்கத்துல?”

“அதுவும் பத்து.”

டிம்ப்னா கருவியை ஒரு தட்டுத் தட்டினார். பத்து பத்தாகவே இருந்தது.

மறுநாள் பெரியப்பா மகள் கன்செப்டாவை இழுத்துக்கொண்டு வந்தார். கன்செப்டா தொப்பி போடாமல் தெருவில் இறங்காதவர். கைப்பையை இடுக்கிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

“எழுதினது செனன் தாத்தா. ஆம்பளைக்கு எங்கடி பிள்ளைக் கணக்கு தெரியும்? நாயையும் சேத்து எண்ணியிருப்பாரு.”

“நாயை எண்ணினவரு கழுதையை ஏன் விட்டாரு?”

“இதோ பாரு டிம்ப்னா. இல்லாத பிள்ளைக்குக் கல்லுல இடம் குடுத்தா ஊரு சிரிக்கும்.”

“இருந்த பிள்ளையை விட்டுட்டா?”

“இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நம்ம வீட்டுல எதுடி ரகசியமா இருந்திருக்கு?”

“உன் வயசு.”

கன்செப்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது. பல வருடங்களாக ஐம்பத்தொன்பதுதான்.

கல் வெட்டும் ஃப்ளான் ஹோனன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “வெள்ளிக்கிழமை காலையில உளி வைக்கிறேன். அப்புறம் கல்லு யார் பேச்சையும் கேக்காது.” அதற்குள் பெயர் கிடைத்தால் பத்து. இல்லையென்றால் ஒன்பது, என்றைக்கும் ஒன்பது.

கராக்கீல் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்பது பேரும் வரிசையாக இருந்தார்கள். எட்டாவது பிள்ளை 1899இல். கடைசிப் பிள்ளை 1905இல். நடுவில் பல் விழுந்த ஈறு மாதிரி ஓர் இடைவெளி. அந்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. பிரிஜெட் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தால்? தாய்வீடு டெரிலோ, ஏழு மைல் தள்ளி. பிரிஜெட்டின் தாய் மார்கரெட் மரினன். 1901 கணக்கெடுப்பில் மார்கரெட் இருந்தார், ஐம்பத்தேழு வயது விதவையாக, ஜான் என்ற மகனோடு. 1911 சுருளைப் போட்டோம். டெரிலோவில் பாதி வீடு மரினன் வீடுதான். மார்கரெட்டும் ஒருவருக்கு மேல் இருந்தார்கள். ஒருவர் எண்பதைத் தாண்டியவர், ஒருவருக்கு எழுபத்துமூன்று, ஒருவர் பச்சைக் குழந்தைக்காரி. எங்களுக்கு வேண்டியவர் அறுபத்தேழு வயதுக்காரர். அவர் இல்லை.

“செத்திருப்பா” என்றார் டிம்ப்னா. முதல் தடவையாக சிப்ஸை முடிக்காமல் எழுந்து போனார்.

வியாழக்கிழமை காலை பேருந்தை வாசலில் கோணலாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். செய்தித்தாள் படிப்பவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அறுபத்தாறாம்! கவிஞரே, அவளுக்கு அறுபத்தாறாம்!”

“யாருக்கு?”

“கன்செப்டாவுக்கு! அறுபத்தாறு ஆனா பஸ்ஸு ரயிலு எல்லாம் ஓசியில்ல? நேத்து போய் பாஸ் வாங்கிட்டு வந்துட்டா. ஒரே ராத்திரியில ஏழு வயசு! பாஸ்னதும் பாட்டி ஆயிட்டா பாரு. நாளைக்கு சவப்பெட்டி ஓசின்னு சொன்னா போய்ப் படுத்து...”

அப்படியே நின்றுவிட்டார். கையில் ஒரு சிப்ஸ் பாதி வழியில் நின்றது.

“கவிஞரே. இந்த வயசானவங்க பென்ஷன் எப்போ வந்துச்சு?”

எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. “தொள்ளாயிரத்து ஒன்பதுல. எழுபது ஆனவங்களுக்கு.”

“சர்டிபிகேட் கேட்டாங்களா?”

“அந்த வயசுக்காரங்களுக்கு ஏது சர்டிபிகேட்? அரசாங்கம் பிறப்பைப் பதிய ஆரம்பிச்சதே அவங்க பிறந்து ரொம்ப நாள் கழிச்சுதானே.”

“அப்போ கேட்டவங்க எல்லாம் எழுபது!”

“பென்ஷன் வாங்கினவங்க, ரெண்டு வருஷம் கழிச்சு கணக்கெடுக்க போலீஸ்காரர் வந்தா, உண்மை வயசைச் சொல்வாங்களா?”

“என் கிழவி எழுபத்துமூணுடா!”

நான் ஓடினேன். நூலகத்தில் ஓடக் கூடாது என்றும் ஒரு பலகை உண்டு. சுருளை மாட்டும்போது அவசரத்தில் இரண்டு தடவை நழுவியது. டிம்ப்னா கைப்பிடியைச் சுற்றிய வேகத்தில் டெரிலோ முழுவதும் ஒரு வெள்ளைக் காற்றாக ஓடி, நின்றது.

மார்கரெட் மரினன், குடும்பத் தலைவி, விதவை, 73. ஜான், மகன், மணமாகாதவர். அவருக்கும் அம்மாவுக்குத் தோதாகக் கொஞ்சம் வயது கூட்டியிருந்தது. அதற்குக் கீழே நாங்கள் முன்பு பார்த்தும் பார்க்காமல் போன மூன்றாவது வரி: சபீனா மரினன், பேத்தி, 8.

“பேத்தி” என்றார் டிம்ப்னா. “யாரு பெத்த பேத்தி? ஜானுக்குக் கல்யாணம் ஆகல.”

“மார்கரெட்டுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ரெண்டே ரெண்டு. ஜானு, பிரிஜெட்டு. எத்தனை தடவை பாத்தாச்சு.” விரலால் திரையைத் தொட்டார். சிப்ஸ் எண்ணெய் சபீனாவின்மேல் பளபளத்தது. “எட்டு வயசு. அப்போ தொள்ளாயிரத்து ரெண்டு. நம்ம ஓட்டைப்பல் இடம்! வளத்த வீட்டுப் பேரையே இதுக்கும் போட்டுட்டாங்க.”

பிறகு ஹர்லிங் மட்டைப்பந்து மைதானத்தில் கிளேர் அணி ஜெயித்தால் போடும் கூச்சல் ஒன்றைப் போட்டார். செய்தித்தாள்காரர் ஒருவரின் கண்ணாடி மூக்கிலிருந்து விழுந்தது.

ஆனால் ஊகத்தைக் கல்லில் வெட்ட முடியாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. ஞானஸ்நானப் பதிவில் செனன் பெயரும் பிரிஜெட் பெயரும் இருக்க வேண்டும். டெரிலோ பங்குக் கோவிலின் பதிவேடு சாமியார் வீட்டில்தான் இருந்தது. “சாப்பாட்டு நேரம்தானே, ஏறு” என்றார். காலியான பள்ளிப் பேருந்தில், கடைசி இருக்கைக்குப் போகப் பார்த்த என்னை முன்னால் உட்காரவைத்து, கல்சுவர்களுக்கு நடுவே அந்த வண்டியை அவர் ஓட்டிய ஓட்டம் எனக்கு இன்னும் வயிற்றில் இருக்கிறது.

கதவைத் திறந்தவர் சாமியாருக்குச் சமைக்கும் மிஸஸ் க்வீலி.

“சாமி இல்ல. பையன்களோட ஹர்லிங் பயிற்சிக்குப் போயிருக்காரு.”

“சாமி வேண்டாம் மிஸஸ் க்வீலி. சாமியோட புத்தகம் போதும்.”

“எழுதிக் கேளுங்க. மூணு வாரத்துல பதில் வரும்.”

“நாளைக்குக் காலையில உளி வைக்கிறாங்களே!”

“யாருக்கு?”

“கல்லுக்கு.”

மிஸஸ் க்வீலி டிம்ப்னாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வாசலில் நின்ற பேருந்தையும் பார்த்தார். “என் தங்கச்சி மகனை மழையில விட்டுட்டுப் போனவ நீதானே?”

“அவன் லேட்டா வந்தான்.”

“அவன் அம்மா வயித்துல இருந்தே லேட்டுதான். உள்ள வாங்க. காலைத் துடைங்க. புத்தகத்தைத் தொடக் கூடாது, நான்தான் புரட்டுவேன்.”

ஏப்ரனைக் கழற்றிவிட்டு, கை கழுவி, பூசைக்குப் போவதுபோல் உட்கார்ந்து புரட்டினார். டிம்ப்னா இரண்டு கைகளையும் தன் அக்குளில் செருகிக்கொண்டார், தாமாகப் போய்த் தொட்டுவிடும் என்று பயந்ததுபோல். 1902. செப்டம்பர். அக்டோபர். நவம்பர்.

“சபீனா” என்று படித்தார் மிஸஸ் க்வீலி. “தகப்பன் செனன் லில்லிஸ், கராக்கீல். தாய் பிரிஜெட் மரினன். ஞானத்தகப்பன் ஜான் மரினன்.”

சமையலறையில் ஏதோ கொதித்து மூடியைத் தட்டியது.

“ஓரத்துல கல்யாணமும் எழுதியிருக்கே” என்றார் மிஸஸ் க்வீலி. ஒருவருக்குக் கல்யாணம் நடந்தால், ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்குத் தகவல் போய், அங்கே அந்த வரியின் ஓரத்திலேயே குறித்துவைப்பார்கள். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. மாப்பிள்ளை பாட்ரிக் கியோ. இதே கோவில்ல. அட, இது நம்ம கிறிஸ்டி கியோவோட அம்மாடி!”

“எந்தக் கிறிஸ்டி?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம். அவனோட ரெட்டைப் பேரனுங்க தினம் உன் பஸ்ஸுலதானே வருதுங்க.”

டிம்ப்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “சூயிங் கம்” என்றார் மெதுவாக. “சீட்டுக்கு அடியில சூயிங் கம். என் தொப்பிக்குள்ள நண்டு. மூணு வருஷமா நான் திட்டாத திட்டு இல்ல. அந்த ரெண்டு குட்டிச்சாத்தானும் என் ரத்தமா?”

“அதான் தெரியுதே” என்றார் மிஸஸ் க்வீலி.

என்னை நூலகத்தில் இறக்கிவிட நேரமில்லை. பள்ளி விடும் மணி அடித்திருந்தது. பேருந்து நிறையப் பிள்ளைகள் ஏறினார்கள். முன்னிருக்கையில் என்னைப் பார்த்ததும், “டிம்ப்னாவுக்கு ஆள் கிடைச்சாச்சு!” என்று பின்னாலிருந்து ஒரு பாட்டே கிளம்பியது. என் காதுகளில் முட்டை பொரித்திருக்கலாம். டிம்ப்னா எதையும் கேட்கவில்லை. கண்ணாடியில் இரட்டையர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு முறைக்கறீங்க? நாங்க இன்னிக்கு ஒண்ணுமே பண்ணல” என்றான் ஒருவன்.

“நேரா உக்காருங்கடா கண்ணுங்களா.”

அந்தக் ‘கண்ணுங்களா’வில் இருவரும் வெலவெலத்துப்போய் உட்கார்ந்தார்கள்.

பாலத்தைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, அவர்களோடு டிம்ப்னாவும் இறங்கினார். என் சட்டையைப் பிடித்து என்னையும் இறக்கினார். கேட்டருகே கிறிஸ்டி கியோ கன்றுக்குட்டிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய பெரிய உடம்புக்காரர். டிம்ப்னாவைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

“இந்தத் தடவை என்ன பண்ணினானுங்க?”

“பிறந்துட்டானுங்க. உங்க அம்மா பேரு சபீனாதானே?”

“ஆமா.”

“நான் செனன் லில்லிஸோட கொள்ளுப்பேத்தி.”

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “கராக்கீல்லேர்ந்து யாரும் இந்த வாசலுக்கு வந்ததில்ல.”

“இப்போ வந்திருக்கேன். எங்க வீட்டுல அவங்க பேரே யாருக்கும் தெரியாது. ஏன்னு சொல்லுங்க.”

அவர் சுருக்கமாகச் சொன்னார். கராக்கீல் வீட்டில் அம்மை கண்டிருந்ததால் பிரிஜெட் பிரசவத்துக்குத் தாயிடம் வந்தாராம். பிள்ளையை ஒரு மாதத்துக்கு என்று விட்டுப்போனாராம். மாதம் வருடமாயிற்று. கிழவி விடவில்லை. பிறகு, வாரிசில்லாத ஜான் மாமா சாகும்போது, நிலத்தைத் தான் வளர்த்த சபீனாவுக்கே எழுதிவிட்டார். அதைத் தன் மகனுக்கு எதிர்பார்த்திருந்தவர் சபீனாவின் மூத்த அண்ணன்.

“எங்க தாத்தா” என்றார் டிம்ப்னா.

“அவருதான். அன்னிக்கே, எனக்கு அப்படி ஒரு தங்கச்சி கிடையாதுன்னுட்டாராம்.”

பேருந்தில் யாரோ ஹாரனை அமுக்கினார்கள். பிறகு எல்லாரும் முறைவைத்து அமுக்கினார்கள்.

“நாளைக்குக் கல்லு வெட்டுறாங்க” என்றார் டிம்ப்னா. “அதுல அவங்க பேரைப் போடணும். உங்களைக் கேக்காம போட மாட்டேன்.”

“அவங்க இங்க படுத்திருக்காங்க. இங்கயே ஒரு கல்லு இருக்கு.”

“இருக்கட்டுமே. சிகாகோவுல படுத்திருக்கறவனுக்கு அதுல இடம் இருக்கு. ஏழு மைல்ல படுத்திருக்கறவங்களுக்கு இல்லையா?”

கிறிஸ்டி ஹாரன் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். கன்றுக்குட்டி வாளியைக் கவிழ்த்தது. அதை நிமிர்த்தி வைத்தார்.

“வெட்டறது யாரு?”

“ஃப்ளான் ஹோனன்.”

“அவன் எழுத்து சாயும். அம்மா பேரை நேரா வெட்டச் சொல்லு. போன் உள்ள இருக்கு.”

டிம்ப்னா போனில் கத்தியது வெளியே பேருந்துவரை கேட்டிருக்கும். “ஃப்ளான்! பத்து! பத்துங்கறேன்! எட்டாவதுக்கும் கடைசிக்கும் நடுவுல. சபீனா. ஆமாய்யா, பொண்ணுதான். இல்ல, நான் குடிக்கல. நேரா வெட்டு!”

கல்லறை ஞாயிறன்று வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. கியோ குடும்பம் நான்கு காரிலும் ஒரு வேனிலும் வந்து இறங்கியது. பிள்ளை குட்டி, சாண்ட்விச் டப்பா, தேநீர்க் குடுவைகள் சகிதம் வந்தவர்கள் லில்லிஸ் கல்லைச் சுற்றி நின்றதில் சாமியாருக்குத் தீர்த்தம் தெளிக்க இடம் இல்லை. இரட்டையர்கள் மேல் நாலு சொட்டு அதிகமாகத் தெளிக்கும்படி டிம்ப்னா கேட்டுக்கொண்டார். ஓசி பாஸில் பஸ்ஸேறி வந்த கன்செப்டா, கையுறையைக் கழற்றிவிட்டுச் சபீனா என்ற எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். “நேராத்தான் இருக்கு” என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கியோ வீட்டுப் பெண்களிடம், “பத்துன்னு நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிம்ப்னா அதைக் கேட்டும் சும்மா இருந்தார். வாய் நிறைய சாண்ட்விச்.

அக்டோபரில் கன்செப்டா ரயில் நேரம் பார்க்க நூலகத்துக்கு வந்தார். பாஸ் வந்ததிலிருந்து வாரம் ஓர் ஊர். ஒரு பெயருக்காக டிம்ப்னா பட்ட பாட்டை நினைத்து, அவர் ஏன் அப்படி அலைந்தார் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். பேச்சுவாக்கில் நான் யாரிடமும் எதுவும் கேட்பவன் இல்லை.

“அவ உன்கிட்ட சொல்லலையா?” என்றார் கன்செப்டா. “ரெண்டு வயசுல அவளை ஆத்துக்கு அந்தப் பக்கம் ஃபாய்ன்ஸுல ஜோசி அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அத்தைக்குப் பிள்ளை இல்ல. அத்தை செத்த பெறகு, பதினாலு வயசுலதான் திரும்பி வந்தா. வாசல்ல வரிசையா நின்ன அண்ணன் தம்பிங்கள்ல யாரு யாருன்னு அன்னிக்கு அவளுக்குப் பேர் சொல்லிக் காட்டினது நான்தான்.”